ஓய்வுநாள் ஒரு மகிழ்ச்சியின் நாள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஓய்வுநாள் என்ற சொல்லைக் கேட்டதும் சிலருடைய காதில் "செய்யாதே, போகாதே, தொடாதே" என்ற குரல்தான் ஒலிக்கிறது. சிறுவயதில் அந்தக் குரலோடு வளர்ந்தவர்களில் பலர், வளர்ந்தபின் அந்த நாளையே கைவிட்டுவிட்டார்கள். ஏசாயா தீர்க்கதரிசியோ அதை "மனமகிழ்ச்சியின் நாள்" என்கிறார் (58:13). வேதபாட வகுப்பிலும், ஆராதனை முடிந்து வாசலில் நின்று பேசும்போதும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்ட கேள்விகளை இங்கே எழுதியிருக்கிறேன்.

ஓய்வுநாள் என்றால் வேலை செய்யாத நாள், அவ்வளவுதானே?

அது பாதிதான். "ஷாபாத்" என்ற எபிரெயச் சொல்லின் வேருக்கு நிறுத்துவது, விட்டுவிடுவது என்று பொருள். ஆதியாகமம் 2-ஆம் அதிகாரத்தில் தேவன் ஏழாம் நாளில் தம்முடைய கிரியைகளை முடித்து ஓய்ந்திருந்தார். களைத்துப்போய் உட்கார்ந்தார் என்று அங்கே இல்லை; அவர் சோர்ந்துபோவதுமில்லை, இளைப்படைவதுமில்லை என்று ஏசாயா 40:28 சொல்கிறது. அப்படியென்றால் அந்த நாளில் அவர் என்னதான் செய்தார்?

யாத்திராகமம் 31:17-ஐ நம் தமிழ் வேதாகமத்தில் எடுத்துப் பாருங்கள். "ஏழாம் நாளிலே ஓய்ந்திருந்து பூரித்தார்" என்று இருக்கும். பூரித்தார்! மொழிபெயர்த்தவர்கள் எவ்வளவு அழகான சொல்லைப் பிடித்திருக்கிறார்கள். எபிரெயத்தில் அந்த வினைச்சொல் மூச்சோடு தொடர்புடையது. நின்று, ஆழமாக மூச்சு வாங்கி, உயிர் தளிர்ப்பதைக் குறிக்கும். உண்டாக்கினதையெல்லாம் பார்த்து "மிகவும் நன்றாயிருந்தது" என்று சொன்னவர், மறுநாள் அதன்மேல் மனம் நிறைந்து நின்றார்.

இதே வினைச்சொல் பழைய ஏற்பாட்டில் மொத்தம் மூன்றே இடங்களில் வருகிறது. அவற்றில் ஒன்று யாத்திராகமம் 23:12. அங்கே அது யாரைப் பற்றி? அடிமைப்பெண்ணின் பிள்ளையையும் அந்நியனையும் பற்றி. அவர்களும் ஓய்வுநாளில் இளைப்பாற வேண்டுமாம். வானத்தையும் பூமியையும் படைத்தவருக்குச் சொன்ன அதே சொல், ஊரில் கடைசிப் படியில் நிற்கும் பிள்ளைக்கும் சொல்லப்பட்டிருக்கிறது. இதைக் கண்டுகொண்ட நாளிலிருந்து ஓய்வுநாள் கட்டளையை நான் வேறு கண்ணோடுதான் வாசிக்கிறேன்.

மகிழ்ச்சியாக இரு என்று யாரையாவது கட்டாயப்படுத்த முடியுமா?

முடியாது. ஏசாயாவும் கட்டாயப்படுத்தவில்லை. 58:13-ஐ மெதுவாக வாசித்தால், "ஓய்வுநாளை மனமகிழ்ச்சியின் நாள் என்று சொல்" என்றுதான் இருக்கிறது. முதலில் அந்த நாளுக்கு அந்தப் பெயரை வை. பிறகு அந்தப் பெயருக்கு ஏற்றபடி உன் வழியையும், உன் இஷ்டத்தையும், உன் சொந்தப் பேச்சையும் ஒதுக்கி வை. அடுத்த வசனத்தில்தான் "அப்பொழுது கர்த்தரில் மனமகிழ்ச்சியாயிருப்பாய்" என்று வருகிறது. எபிரெயத்தில் 13-ஆம் வசனத்தின் "ஓனெக்" என்ற சொல்லும் 14-ஆம் வசனத்தின் வினைச்சொல்லும் ஒரே வேரிலிருந்து வந்தவை. நாளுக்கு வைத்த பெயர் ஆளுக்குள் இறங்குகிறது. உணர்வு வந்தபின் ஆசரிப்பது என்று காத்திருந்தால் அது வராமலே போகலாம்.

இன்னொன்று. அந்த அதிகாரத்தின் முதல் 12 வசனங்கள் ஓய்வுநாளைப் பற்றியவை அல்ல. நெருக்கப்பட்டவர்களை விடுதலையாக்குவது, பசித்தவனுக்கு ஆகாரத்தைப் பகிர்ந்து கொடுப்பது, வஸ்திரமில்லாதவனுக்கு வஸ்திரம் கொடுப்பது, இவைதான் அங்கே பேசப்படுகின்றன. அவற்றின் தொடர்ச்சியாகவே மனமகிழ்ச்சியின் நாள் வருகிறது. வேலைக்காரரைக் கசக்கிப் பிழிந்துவிட்டு வந்து, ஏழாம் நாளில் மட்டும் கர்த்தருக்குள் களிகூர வழியில்லை.

சனிக்கிழமையா, ஞாயிற்றுக்கிழமையா?

பத்துக் கட்டளையில் சொல்லப்பட்டது ஏழாம் நாள், அது சனிக்கிழமை. வெள்ளி சூரியன் மறைவதில் தொடங்கி சனி மாலையில் முடியும். இயேசுவும் முதல் சீஷர்களும் அந்த நாளில் ஜெப ஆலயத்துக்குப் போனார்கள். வாரத்தின் முதல் நாளில் அவர் உயிர்த்தெழுந்ததால், விசுவாசிகள் அந்த நாளில் அப்பம் பிட்கும்படி கூடினார்கள் (அப்போஸ்தலர் 20:7). வெளிப்படுத்தின விசேஷம் 1:10-இல் "கர்த்தருடைய நாள்" என்ற பெயர் வருகிறது. 2-ஆம் நூற்றாண்டின் நடுவில் ரோமில் இருந்த யுஸ்தீன் என்ற இரத்தசாட்சி, ஞாயிறு தோறும் எல்லாரும் ஓரிடத்தில் கூடி வேதம் வாசித்து, ஜெபித்து, அப்பத்தில் பங்குபெற்று, ஏழைகளுக்காகக் காணிக்கை சேர்த்ததை எழுதி வைத்திருக்கிறார்.

இன்று பெரும்பாலான சபைகள் ஞாயிறை ஆசரிக்கின்றன. ஏழாம் நாள் பாப்டிஸ்டுகள் 17-ஆம் நூற்றாண்டிலிருந்தும், 1863-இல் அமைப்பாக உருவான ஏழாம் நாள் அட்வென்டிஸ்டுகளும் சனிக்கிழமையைக் காக்கிறார்கள். எத்தியோப்பிய ஆர்த்தடாக்ஸ் சபை நெடுங்காலமாக இரண்டு நாளையும் கனப்படுத்துகிறது.

நான் ஞாயிறு ஆராதனையில் வளர்ந்தவன். ஆனால் மகிழ்ச்சியோடு சனிக்கிழமையை ஆசரிக்கும் குடும்பங்களிடம் நான் கற்றது அதிகம். இந்தக் கேள்வியை வைத்து ஒருவரையொருவர் குத்துவதற்காக ஓய்வுநாளின் பாதியைச் செலவழிக்கிறவர்களைப் பார்க்கும்போது மனம் வலிக்கிறது. ரோமர் 14:5-இல் பவுல் இதற்கு இடம் விட்டிருக்கிறார்: "அவனவன் தன்தன் மனதிலே முழு நிச்சயத்தை உடையவனாயிருக்கக்கடவன்."

கொலோசெயர் 2:16 ஓய்வுநாளையே நீக்கிவிட்டதல்லவா?

ஓய்வுநாளைக் குறித்து ஒருவனும் உங்களைக் குற்றப்படுத்தாதிருக்கட்டும் என்று பவுல் சொல்கிறார். அவை வருங்காரியங்களுக்கு நிழல், அவற்றின் பொருள் கிறிஸ்து. ஆகவே ஓய்வுநாளைக் கைக்கொண்டு இரட்சிப்பைச் சம்பாதிக்கலாம் என்று எண்ணுகிறவருக்கு அந்த வசனம் கதவை அடைக்கிறது. அன்போடு அந்த நாளை ஏற்றுக்கொள்கிறவருக்கு அது எதையும் அடைக்கவில்லை. தேவனுடைய ஜனங்களுக்கு இளைப்பாறுகிற காலம் இனிமேலும் உண்டு என்று எபிரெயர் 4:9 சொல்கிறதே. அந்தப் பெரிய இளைப்பாறுதலை வாரம் ஒருமுறை கொஞ்சம் ருசி பார்ப்பதாகவே இந்த நாளை நான் எடுத்துக்கொள்கிறேன்.

இயேசு ஓய்வுநாளை மீறினார் என்கிறார்களே?

ஓய்வுநாள் எதற்கென்று அவர்தான் காட்டினார். லூக்கா 13-ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். 18 வருஷமாக நிமிர முடியாமல் கூனிப்போன ஒரு பெண் ஜெப ஆலயத்தில் இருக்கிறாள். அவள் எதையும் கேட்கவில்லை. அவரே அவளைக் கூப்பிட்டு, கைகளை வைத்து, நிமிர்த்துகிறார். ஜெப ஆலயத் தலைவனுக்குக் கோபம். வேலை செய்ய ஆறு நாள் இருக்கிறது, அந்த நாட்களில் வந்து சொஸ்தமாகுங்கள் என்று ஜனங்களைப் பார்த்துச் சொல்கிறான்.

இயேசுவின் பதில் ஒரே வினைச்சொல்லில் நிற்கிறது. உங்கள் எருதையோ கழுதையையோ ஓய்வுநாளில் தொழுவத்திலிருந்து அவிழ்த்துக்கொண்டுபோய்த் தண்ணீர் காட்டுகிறீர்களே. ஆபிரகாமின் குமாரத்தியாகிய இவளை இந்தக் கட்டிலிருந்து அவிழ்த்துவிட வேண்டாமா? கட்டு அவிழ்வதற்கு ஓய்வுநாளைவிடப் பொருத்தமான நாள் எது? உபாகமம் 5:15-உம் இதைத்தான் சொல்கிறது. நீ எகிப்திலே அடிமையாயிருந்தாய், கர்த்தர் உன்னைப் புறப்படப்பண்ணினார், அதை நினைத்து இந்த நாளை ஆசரி என்கிறது. அடிமைக்கு விடுமுறை கிடையாது. விடுதலையானவனால்தான் வேலையைக் கீழே வைக்க முடியும்.

கதை எப்படி முடிகிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. அவர் செய்த மகிமையான செய்கைகளுக்காக ஜனங்களெல்லாரும் சந்தோஷப்பட்டார்கள் என்று 17-ஆம் வசனம் சொல்கிறது. அன்று அந்த ஜெப ஆலயம் மனமகிழ்ச்சியின் நாளைக் கண்டது.

எதைச் செய்யலாம், எதைச் செய்யக்கூடாது? ஒரு பட்டியல் தாருங்கள்.

தரமாட்டேன். யூத ரபீமார் மிஷ்னா என்ற தங்கள் சட்டத்தொகுப்பில் 39 வகை வேலைகளை வரிசைப்படுத்தியிருக்கிறார்கள். அதற்குப் பின்னால் ஆழ்ந்த பயபக்தி உண்டு, அதை நான் மதிக்கிறேன். 1640-களில் வெஸ்ட்மின்ஸ்டரில் கூடிய இறையியலாளர்கள், அவசியமான வேலையும் இரக்கத்தின் வேலையும் தவிர மற்றதை விட்டுவிட வேண்டும் என்று வகுத்தார்கள். "அவசியம், இரக்கம்" என்ற அந்த இரண்டு சொற்கள் இன்றும் நல்ல அளவுகோல். அந்த மரபில் வந்த பியூரிட்டன்கள் என்ற கண்டிப்பான ஆங்கிலேயப் புராட்டஸ்டன்டுகள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தவர்கள் என்றே நாம் நினைக்கிறோம். ஆனால் அவர்கள் இந்த நாளை "ஆத்துமாவின் சந்தை நாள்" என்று அழைத்தார்கள். வாரத்துக்கு வேண்டியதையெல்லாம் அள்ளிக்கொண்டு வீடு திரும்பும் நாள்.

எனக்கு உதவிய கேள்விகள் இரண்டு. நான் செய்யப்போகும் இந்தக் காரியம், நாளை செய்தாலும் கெட்டுப்போகாத ஒன்றா? அப்படியானால் நாளை செய்யலாம். இதை நான் செய்வதற்காக இன்னொருவர் தன் ஓய்வை விட வேண்டியிருக்கிறதா? அப்படியானால் இன்னொரு முறை யோசிக்கலாம். தோட்டத்தில் செடிக்கு மண் அணைப்பது ஒருவருக்குப் பிழைப்பு, இன்னொருவருக்குத் துதி. பட்டியல் போட்டால் இந்த வித்தியாசம் செத்துவிடும்.

ஞாயிற்றுக்கிழமையும் எனக்கு வேலை இருக்கிறது. நான் பாவம் செய்கிறேனா?

செவிலியர், ஓட்டுநர், தீயணைப்பு வீரர், மின்சாரம் பார்ப்பவர் இவர்கள் இல்லாமல் மற்றவர்கள் எப்படி நிம்மதியாக ஆராதிப்பது? ஆசாரியர்கள் தேவாலயத்தில் ஓய்வுநாளை வேலைநாளாக்கினாலும் குற்றமில்லாதிருக்கிறார்கள் என்று இயேசுவே சொல்லியிருக்கிறார் (மத்தேயு 12:5). ஓய்வுநாளில் அவர்களுக்குப் பலிகள் கூடுதல், வேலையும் கூடுதல்.

ஒரு வரலாற்றுச் செய்தி உங்களைத் தேற்றக்கூடும். ரோமப் பேரரசில் ஞாயிறு விடுமுறையானது கி.பி. 321 மார்ச் 7-இல் கான்ஸ்டன்டைன் பிறப்பித்த ஆணையால்தான். அதிலும் உழவர்களுக்கு விலக்கு இருந்தது. அதுவரை ஏறக்குறைய 300 ஆண்டுகள் ஞாயிறு சாதாரண வேலைநாள். கி.பி. 112-ஐ ஒட்டி ஆளுநர் பிளினி பேரரசருக்கு எழுதிய கடிதத்தில், கிறிஸ்தவர்கள் குறித்த நாளில் பொழுது விடியுமுன் கூடி, கிறிஸ்துவைத் தேவனென்று பாடுகிறார்கள் என்று சொல்கிறார். அவர்களில் அடிமைகளும் இருந்தார்கள். இருட்டோடு எழுந்து பாடிவிட்டு வேலைக்குப் போன அவர்களிடமிருந்துதான் கர்த்தருடைய நாள் நமக்கு வந்திருக்கிறது. பணி மாறி மாறி வருகிறவர்கள் வேறொரு நாளை, அது முடியாவிட்டால் ஒரு அரைநாளையாவது, இதே பெயர் சொல்லிப் பிரித்து வையுங்கள்.

அப்படியானால் எனக்கு வசதியான நாளில் நான் தனியாக ஓய்ந்துகொள்கிறேனே?

வேறு வழியில்லாதவருக்கு அது சரி. வழி இருப்பவருக்கு ஒன்று சொல்ல வேண்டும். 1929-இல் சோவியத் ஒன்றியம் தொழிற்சாலைகள் நிற்காமல் ஓடுவதற்காக ஐந்து நாள் வாரத்தைக் கொண்டுவந்தது. தொழிலாளர்களைக் குழுக்களாகப் பிரித்து ஒவ்வொரு குழுவுக்கும் ஒவ்வொரு நாள் விடுமுறை. ஏழு நாளைக்கு ஒன்று என்பதைவிட ஓய்வு அடிக்கடி வந்தது. ஆனால் கணவனுக்கு ஒரு நாள், மனைவிக்கு இன்னொரு நாள். வீட்டில் எல்லாரும் சேர்ந்திருக்க ஒரு நாளும் இல்லை. ஜனங்கள் வெறுத்தார்கள். பல மாற்றங்களுக்குப் பிறகு 1940-இல் ஏழு நாள் வாரம் திரும்பியது. சேர்ந்து ஓய்வது தனியாக ஓய்வதைப் போன்றதல்ல. லேவியராகமம் 23:3 ஓய்வுநாளை "சபைகூடும்" நாள் என்றே சொல்கிறது.

எல்லாரும் ஓய்கிறார்கள், வீட்டுவேலை மட்டும் என் தலையில். இது என்ன ஓய்வுநாள்?

இதைக் கேட்பவர்கள் பெரும்பாலும் தாய்மார்கள். கேட்கும்போது குரல் தாழ்ந்திருக்கும். நேராகவே சொல்கிறேன்: ஒருவர் முதுகில் மற்ற எல்லாரும் இளைப்பாறும் வீடு இன்னும் ஓய்வுநாளை ஆசரிக்கவில்லை. வேலைக்காரனும் வேலைக்காரியும் "உன்னைப்போல" இளைப்பாற வேண்டும் என்று உபாகமம் 5:14 சொல்லும்போது, பெற்ற தாயை விட்டுவிடச் சொல்லியிருக்குமா?

வனாந்தரத்தில் மன்னா பெய்த கதையில் இதற்கு வழி இருக்கிறது. ஆறாம் நாளில் இரண்டத்தனை சேர்த்தார்கள். சுடவேண்டியதைச் சுட்டு, வேவிக்கவேண்டியதை வேவித்து, மறுநாளுக்கு வைத்தார்கள். மற்ற நாட்களில் மீதி வைத்தால் பூச்சி பிடித்த மன்னா, அன்று கெடவில்லை. சுவிசேஷங்களில் ஓய்வுநாளுக்கு முந்தின நாளுக்கு "ஆயத்தநாள்" என்றே பெயர். அந்த ஆயத்தத்தில் வீட்டிலுள்ள ஒவ்வொரு ஜோடிக் கையும் சேரட்டும். துணி, பாத்திரம், பிள்ளைகளின் உடுப்பு, சமையல் எல்லாம் முந்தின மாலையே பங்கு போடப்படட்டும். அன்றைய சாப்பாடு எளிமையாக இருந்தால் ஒன்றும் குறைந்துவிடாது.

பிள்ளைகளுக்கு அந்த நாள் சலிப்பாக இருக்கிறது.

அவர்களிடமிருந்து என்ன எடுக்கிறோம் என்பதிலேயே நம் கவனம் இருந்தால் சலிக்கத்தான் செய்யும். அந்த நாளில் மட்டும் அவர்களுக்குக் கிடைக்கிற ஒன்று வேண்டும். அதிலும் விலையுயர்ந்தது, மற்ற நாளில் "நேரமில்லை" என்று சொல்லும் அப்பாவும் அம்மாவும் அன்று முழுசாகக் கிடைப்பது. யூத வீடுகளில் வெள்ளி மாலையில் பெற்றோர் பிள்ளைகளின் தலைமேல் கைவைத்து ஆசீர்வதிக்கிறார்கள். ஆண்பிள்ளைகளுக்கு எப்பிராயீம், மனாசே பெயரைச் சொல்லி, பெண்பிள்ளைகளுக்கு சாராள், ரெபேக்காள், ராகேல், லேயாள் பெயரைச் சொல்லி. நாம் அதை அப்படியே எடுக்க வேண்டியதில்லை. ஆனால் வாரம் ஒருமுறை தன் பெயரைச் சொல்லித் தகப்பன் ஜெபிப்பதைக் கேட்டு வளர்கிற பிள்ளைக்கு அந்த நாள் பாரமாக இருக்காது.

நடந்துபோய் மரங்களையும் பறவைகளையும் பாருங்கள். "ஓய்வுநாளின் பாட்டு" என்று தலைப்புள்ள 92-ஆம் சங்கீதமே பனையையும் லீபனோனிலுள்ள கேதுருவையும் காட்டித்தான் பாடுகிறது.

கைபேசி?

அணைத்து ஒரு பெட்டியில் வைத்துவிடுங்கள். நாள் முழுவதும் முடியாவிட்டால், ஆராதனைக்குப் புறப்படும் முன்பிருந்து மதியச் சாப்பாடு முடியும் வரைக்கும். "உன் சொந்தப்பேச்சைப் பேசாமலிருந்து" என்ற ஏசாயாவின் வார்த்தை இன்று முதலில் தொடுவது இந்தக் கருவியைத்தான்.

பரீட்சை நேரம், கணக்கு முடிக்கும் நேரம். அப்போதுமா?

யாத்திராகமம் 34:21: "விதைப்புக் காலத்திலும் அறுப்புக்காலத்திலும் ஓய்ந்திருப்பாயாக." வருஷத்திலேயே வேலை மிகுந்த நாட்களைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. அறுக்காத கதிர் வயலில் நிற்கும்போது ஓய்வது கடினம். ஆமோஸ் காலத்து வியாபாரிகளும் ஓய்வுநாள் எப்போது முடியும், எப்போது தானியத்தை விற்கலாம் என்று துடித்துக்கொண்டிருந்தார்கள் (8:5). கடை மூடியிருந்தது, மனம் மூடவில்லை. ஓய்ந்த மாணவர் கட்டாயம் அதிக மதிப்பெண் வாங்குவார் என்றெல்லாம் நான் வாக்குக் கொடுக்கமாட்டேன். அது பேரம். நாம் அடிமைகள் அல்ல என்பதை அறுப்புக்காலத்திலும் நம்புகிறோமா என்பதுதான் அங்கே கேட்கப்படுகிறது.

ஓய்வுநாளில் உபவாசம் இருப்பது பக்தியல்லவா?

ஆதிச்சபை வேறுவிதமாக நினைத்தது. 3-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தெர்த்துல்லியன் என்ற கிறிஸ்தவ எழுத்தாளர், கர்த்தருடைய நாளில் உபவாசிப்பதும் முழங்காலிட்டு ஆராதிப்பதும் தகாது என்று எழுதினார். 325-இல் நிசேயா பொதுச்சங்கத்தின் 20-ஆம் விதி, ஞாயிறில் நின்றுகொண்டே ஜெபிக்க வேண்டும் என்று கட்டளையிட்டது. உயிர்த்தெழுந்தவரின் நாளில் எழுந்து நிற்பதுதான் பொருத்தம் என்று கருதினார்கள். உயிர்த்தெழுதல் பண்டிகைக்கு முந்தின தபசு காலமாகிய லெந்து காலத்திலும் 40 நாட்களைக் கணக்கிடும்போது மேற்கத்திய சபைகள் ஞாயிறுகளைச் சேர்ப்பதில்லை. தபசின் நடுவிலும் அந்த நாளுக்குத் துக்க உடை போட அவர்களுக்கு மனம் வரவில்லை.

போதகருக்கும் பாடகர் குழுவுக்கும் ஓய்வு எப்போது?

வேறொரு நாளில். அதைச் சபை காத்துக்கொடுக்க வேண்டும். அந்த நாளில் அவரைத் தொலைபேசியில் அழைக்காதிருப்பதே நாம் செய்யும் பெரிய உதவி.

வீட்டில் மரணம் நடந்திருக்கிறது. மனமகிழ்ச்சியின் நாள் என்று கேட்டாலே வலிக்கிறது. என்ன செய்வது?

உங்களிடம் சிரிப்பை யாரும் கேட்கவில்லை. பாட முடியாவிட்டால் உட்கார்ந்திருங்கள். மற்றவர்கள் பாடட்டும், சபை அதற்குத்தான் இருக்கிறது. வேதத்தில் நான் மறக்க முடியாத ஓய்வுநாள் ஒன்று உண்டு. வெள்ளிக்கிழமை மாலை. கலிலேயாவிலிருந்து வந்த பெண்கள் இயேசுவின் சரீரம் கல்லறையில் வைக்கப்பட்ட விதத்தைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். கந்தவர்க்கங்களையும் பரிமளதைலங்களையும் ஆயத்தம் பண்ணுகிறார்கள். சூரியன் மறைகிறது. "கற்பனையின்படியே ஓய்வுநாளில் ஓய்ந்திருந்தார்கள்" என்று லூக்கா எழுதுகிறார் (23:56; கற்பனை என்றால் இங்கே கட்டளை). அன்று அவர்கள் வீட்டில் பாட்டு இருந்ததாகச் சொல்லப்படவில்லை. நாளை என்ன நடக்கும் என்று அவர்களில் ஒருவருக்கும் தெரியாது. தைலம் தயாராக இருந்தது, கல்லறை அருகில்தான் இருந்தது, ஆனாலும் அவர்கள் அந்த ஒரு நாள் கைகளை மடியில் வைத்துக் காத்திருந்தார்கள். வாரத்தின் முதல் நாள் அதிகாலையில், கருக்கலோடு எழுந்து, ஆயத்தம் பண்ணினவைகளை எடுத்துக்கொண்டு புறப்பட்டார்கள்.